கேஸ் வுட்டுட்டான்

எங்கள் வீட்டுக் காற்றைச் சுத்தம் செய்ய வந்த மகான் என் மனைவியின் அண்ணன். கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் வண்டிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்தவர். ஐ.டி. வேலை கிடைத்து ஓ.எம்.ஆர். பக்கம் பெரிய அடுக்குமாடிக்குக் குடிபோனதும் பழைய பேச்சை மூட்டை கட்டிவிட்டார். 'இன்னா' போய் 'என்ன' வந்துவிட்டது. எங்கள் தெருவில் காரை நிறுத்திவிட்டு, மூக்கில் கைக்குட்டையோடுதான் மாடி ஏறுவார்.

நாங்கள் இருப்பது திருவொற்றியூரில், மூன்றாவது மாடி. காலையில் துடைத்த தரையில் மதியம் வெறுங்காலோடு நடந்தால் பாதம் கரியாகிவிடும். என் மனைவிக்கு வீசிங். மூச்சு இழுக்க ஆரம்பித்தால் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள், பேச்சு வராது. அவளைப் பார்த்த டாக்டர், "தூசி, புகை இல்லாத இடமா இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அப்படிப்பட்ட இடம் எண்ணூருக்கு முன்னால் வருமா, பின்னால் வருமா என்று கேட்கலாம் என்றிருந்தேன். மனைவி முறைத்ததால் எழுந்து வந்தேன்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் மச்சான் வந்தார். கையில் காற்றைச் சுத்தப்படுத்தும் மெஷின் ஒன்று, ஒரு பெரிய டேப் சுருள், ஒரு மணிபிளான்ட் தொட்டி. சாப்பிட உட்கார்ந்ததுமே பாடம் தொடங்கியது.

"வெளிக்காத்தவிட வீட்டுக்குள்ள இருக்குற காத்துதான் மாப்ள மோசம். ஊதுவத்தி, சாம்பிராணி, கொசுவத்தி எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க. முக்கியமா இந்த மீன் வறுக்கறத நிறுத்துங்க."

கடைசி வரியை வஞ்சிரத் துண்டின் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல் வழியே ஃபாக்டரிப் புகைக்கூண்டு தெரிந்தது. அது யார் வீட்டு வறுவல் என்று அவருக்குத் தோன்றவில்லை. ஊரையே சூளையாக்கிவிட்டு எங்கள் தோசைக்கல்லைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. மச்சான் அந்தக் கூட்டத்தில் நல்ல மனசுக்காரர், அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடித்து, ஜன்னல் இடுக்குகள் எல்லாவற்றிலும் டேப் ஒட்டினார். சமையலறை ஜன்னலையும் விடவில்லை. மெஷினைக் கூடத்தில் வைத்துப் போட்டார். உடனே சிவப்பு விளக்கு எரிந்தது. "எங்க வீட்ல எப்பவும் பச்சைதான்" என்று பெருமையாகச் சொன்னார். எங்கள் வீட்டில் அது சிவப்புக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே அல்லாடியது. மணிபிளான்ட் இலைகளில் கரி படிந்துகொண்டே இருந்தது. அது எங்கள் காற்றைச் சுத்தப்படுத்துவதாகப் பேச்சு. தினமும் ஈரத்துணியால் அதைச் சுத்தப்படுத்தியது என் மனைவி.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முட்டை அழுகிய வாடையோ மூக்கை அரிக்கும் ஏதோ நெடியோ காற்றில் வந்தால் யாராவது மாடியிலிருந்து குரல் கொடுப்பார்கள்: "கேஸ் வுட்டுட்டான்!" வுட்டவன் யார் என்று யாரும் கேட்டதில்லை. பெயரில்லாத, முகமில்லாத அந்த 'அவன்' எங்கள் பகுதியின் நிரந்தரக் குடிமகன். எந்தக் கம்பெனி என்று விசாரித்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார், அதனால் விசாரிப்பதும் நின்றுவிட்டது. குரல் கேட்டதும் செய்ய வேண்டியது ஒன்றுதான். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, வாடை போகும்வரை உள்ளே கிடக்க வேண்டும். நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூட இது தெரியும்.

மச்சான் வந்துபோய்ச் சில வாரம் கழித்து, துறைமுக யார்டில் வேலை முடிந்து ஒரு மாலை வீட்டுக்கு வந்தேன். தெருவில் அருமையான கடல்காற்று. நெடி இல்லை, வாடை இல்லை. இப்படி ஒரு நாள் வாய்ப்பது அபூர்வம் என்று நினைத்துக்கொண்டே மாடி ஏறினேன். மனைவி கதவை ஒருக்களித்துத் திறந்து என் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"ஜல்தியா வாய்யா. கேஸ் வுட்டுட்டான். மதியத்துலேர்ந்து ஒரே பேஜாரா கீது. கதவ சாத்து."

சாத்தினேன். உள்ளே நெடி மண்டையைப் பிளந்தது. டேப் ஒட்டிய ஜன்னல்கள் இறுக்கமாக இருந்தன. வாசல் கதவின் அடியில் ஈரத்துண்டு வேறு சுருட்டி வைத்திருந்தாள். அவளுக்கு நெஞ்சு விம்மி விம்மித் தணிந்தது. மெஷினில் முதன்முறையாகப் பச்சை விளக்கு.

"குந்து, டீ வெச்சித் தரேன்" என்று லைட்டரோடு சமையலறைக்குப் போனாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெளியே வாடையே இல்லை.

நான் கத்திய கத்தலில் லைட்டர் அவள் கையிலிருந்து கீழே விழுந்தது. அவளை மாடிப்படிக்குத் தள்ளிவிட்டு, சிலிண்டரின் ரெகுலேட்டரை மூடினேன். ரப்பர் ட்யூபில் வெடிப்பு. எந்த ஸ்விட்சிலும் கை வைக்கவில்லை. ஜன்னல்களின் டேப்பைக் கிழிக்கப் போனால் அது வருவேனா என்றது. ஓ.எம்.ஆர். சரக்கு, தரமானது. நகம் பெயர்ந்து ரத்தம் வந்த பிறகுதான் ஜன்னல் திறந்தது. அத்தனை பயத்திலும் அந்த டேப்பைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். தூசியைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்த மெஷின், கேஸ் நிரம்பிய வீட்டில், காற்று பிரமாதம் என்று பச்சையாகச் சிரித்துக்கொண்டே இருந்தது.

மனைவி படியில் உட்கார்ந்து வீசிங் பம்ப்பை வாயில் அடித்துக்கொண்டாள். "அவன்தான் வுட்டான்னு நெனச்சேன்யா" என்றாள். வேறென்ன நினைப்பாள்? வருஷக்கணக்காக ஊரான் வாடையை மோந்து மோந்து, சொந்த வீட்டு வாடை எது என்பதே எங்கள் மூக்குக்கு மறந்துபோயிருந்தது.

மச்சானுக்குப் போன் செய்தேன். "இன்னாடா சொல்ற!" என்று பதறினார். கொருக்குப்பேட்டை திரும்பி வந்தது. ஒரு நிமிஷம்தான். பிறகு தொண்டையைச் செருமினார். "ஆனா மாப்ள, வென்டிலேஷன் ரொம்ப முக்கியம். கொஞ்சம் ஜன்னலத் திறந்து வெச்சிருக்கலாமே."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி போனைப் பிடுங்கினாள். "ண்ணா, நீ ஒரு நாள் இங்க வந்து குந்திகினு மூச்சு வுட்டுப் பாரு. அப்புறம் தொறக்கறதா சாத்தறதான்னு சொல்லு" என்று வைத்துவிட்டாள்.

புது ட்யூப் மாட்டினோம். டேப்பையெல்லாம் சுரண்டி எடுத்தேன். மெஷினைப் பரணில் போட்டேன்.

சில நாள் கழித்து, விளக்கு வைக்கிற நேரம், மறுபடி அந்த நெடி. யாரும் குரல் கொடுக்கவில்லை. கீழ்வீட்டில் ஒரு ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. கேஸுக்காகவா, கொசுவுக்காகவா, தெரியவில்லை. மனைவி ஜன்னல் கொக்கியில் கைவைத்தபடி நின்றாள்.

"தொறக்கட்டுமா, சாத்தட்டுமா?"

சிலிண்டர் பக்கம் மண்டியிட்டு மோந்து பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மோந்து பார்த்தேன். இரண்டும் ஒரே வாடைதான். திரும்பவும் சிலிண்டரிடம் குனிந்தேன்.

"ஜல்தியா சொல்லுய்யா" என்றாள். அதற்குள் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது.