வைட்டமின் போத்தல்

என் அக்காவின் கால் போனதற்கு நான்தான் காரணம். அறுத்தவர் மருத்துவர், அறுக்க வைத்தவன் நான்!

இதை என் மனைவியிடம் சொன்னதில்லை. அக்காவிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என் வீட்டு வாசலில் வந்து நின்று என் முகத்தைப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியம்தான்... கோழைக்கு வேறு எந்தத் தைரியம் வரும்?

எனக்கு நாற்பத்தொன்பது வயது. பாக்கார் ஆராங்கில் வீடு, கூலிம் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. ரப்பர் மரம் சீவிய குடும்பத்தில் பள்ளிப் படிப்பை ஐந்தாம் படிவம்வரை, அதாவது பதினோராம் ஆண்டுவரை, முடித்த ஒரே ஆள் நான். ஆகவே நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், தொழிற்சாலையில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, என்றார்கள். எங்கள் நாட்டுக் கணக்கில் இரத்தச் சர்க்கரை அளவு பதினைந்து. ஆறேழுக்குள் இருக்க வேண்டுமாம்.

அன்று மாலையே வீட்டில் அறிவித்துவிட்டேன்: சோற்றை விடுவேன், மாத்திரையைத் தொடமாட்டேன். மாத்திரை தின்றால் கிட்னி போய்விடும் என்பது எங்கள் ஆட்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் பேச்சு. அதை நான் முழுதாக நம்பினேனா? இல்லை. மாத்திரை தின்பவன் நோயாளி, தின்னாதவன் கெட்டிக்காரன்... எனக்குக் கெட்டிக்காரனாக இருக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

என் மனைவி சுமதி அரிசி டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தாள். பூக்கோசைத் துருவி வதக்கிச் சோறு என்று தட்டில் வைத்தாள். முட்டை, கெம்போங் மீன், கங்கோங் கீரை. ரொட்டி சானாய் இல்லை, சீனிப்பால் ஊற்றிய தே தாரிக் தேநீர் இல்லை. எனக்குத் துணையாக அவளும் சோற்றை விட்டாள். தினமும் காலையில் விரலைக் குத்தி அளவு பார்த்து, அந்த எண்ணையும் என் தட்டையும் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். கட்டை விரல்கள் வந்து குவியும்!

பதினைந்து பதினொன்றாக இறங்கியது. பிறகு இறங்க மறுத்தது. இரண்டு மாதம் பதினொன்றிலேயே குந்திக்கொண்டிருந்தது. நான் குழுவில் படம் போடுவதைக் குறைத்தேன். வேலை அதிகம் என்றேன்.

அரசாங்கக் கிளினிக்கில் இருந்த மலாய்க்கார டாக்டர் அம்மா பொறுமையாகத்தான் சொன்னார். சாப்பாட்டுக் கட்டுப்பாடு நல்லது, விடாதே; ஆனால் உன் உடம்புக்கு அது மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும் என்றார். தலையாட்டி வாங்கிக்கொண்டேன்.

வாங்கிய மாத்திரைகளைக் கார் நிறுத்துமிடத்திலேயே அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி ஒரு பழைய வைட்டமின் போத்தலில் போட்டேன். அந்தப் போத்தல் தொழிற்சாலையில் என் அலமாரிக்குள் போனது. காலையில் ஒன்று, வீடு திரும்புமுன் ஒன்று. விடுமுறை நாள்களுக்கென்று நாலைந்தைக் காரில் வைத்தேன். கட்டிய மனைவிக்குத் தெரியாமல் மருந்து தின்றேன்... திருட்டுச் சிகரெட் பிடிப்பவனைப் போல!

அளவு ஆறுக்கு வந்தது. உடனே படம் போட்டேன். கீழே எழுதினேன்: ஒரு மாத்திரைகூட இல்லாமல்.

அந்த வரியை யார் கேட்டார்கள்? யாருமே கேட்கவில்லை! அதுதான் இன்றும் என்னைத் தின்கிறது.

அடுத்த நாள் செமிலிங்கிலிருந்து பாக்கியம் அக்கா கூப்பிட்டாள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். கணவர் இறந்தபின் மகள் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு ஆறு வருடமாக இனிப்பு நீர். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று அடிக்கடி புலம்புவாள்.

"தம்பி, உண்மையாவே மருந்து இல்லாமலா எறங்குச்சு?"

அப்போது வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு எனக்கு இல்லாமல் போயிற்று.

"மருந்து எதுக்குக்கா? சோத்த விட்டா போதும்லா."

அக்கா சோற்றை விட்டாள். மாத்திரையையும் விட்டாள்.

விட்டாள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்பீர்கள். தெரியும். அவளே பெருமையாகச் சொன்னாள். நான் என்ன செய்தேன்? "பாத்துக்க, அக்கா" என்றேன். அந்த ஒரு சொல்லோடு என் கடமை முடிந்ததாக நினைத்துக்கொண்டேன். அவள் சோறு தின்னாமல் மெலிந்தாள். எல்லாரும் நல்ல மாற்றம் என்றார்கள். அளவு பார்க்கும் கருவி அவளிடம் இல்லை. நான் வாங்கித் தரவும் இல்லை.

ஏழாவது மாதம், செருப்புக் கடித்து வலது காலில் ஒரு புண். ஆறவில்லை. மஞ்சள் வைத்துக் கட்டினாள். மகள் மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனபோது பாதம் கறுத்திருந்தது. முதலில் விரல்கள். பிறகு, முழங்காலுக்குக் கீழே...

நான் போய்க் கட்டிலருகில் நின்றேன். சொல்லிவிடுவது என்றுதான் போனேன், நம்புங்கள். வழி நெடுக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"திருவிழா அன்னதானத்துல ரெண்டு கை சோறு சாப்பிட்டுட்டேன் தம்பி. சாமி சாப்பாடுன்னு மறுக்க முடியல. உன் பேச்சக் கேக்காம போனேன், அதான் இப்படி ஆயிருச்சு. கோவிச்சுக்காத."

ரெண்டு கை சோறு! தோட்டத்து மாரியம்மன் கோயிலில், வாழையிலையில், ரெண்டே கை சோறு!

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"சரி விடுக்கா."

மன்னித்துவிட்டேன்! என் பொய்யால் காலை இழந்தவளை, பெரிய மனது பண்ணி, நான் மன்னித்தேன்! இதைவிடக் கேவலமான காரியம் ஒன்றை மனிதன் செய்ய முடியுமா? முடிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.

இப்போது ஞாயிறுதோறும் செமிலிங் போகிறேன். அக்கா சக்கர நாற்காலியில் இருந்தபடியே எனக்காகக் கங்கோங் வதக்கி, முட்டை பொரித்து வைத்திருப்பாள். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என்னைக் காட்டி, மருந்தே இல்லாமல் குணமாக்கிக்கொண்டவன் என்பாள். நான் குனிந்து கீரையைப் பார்ப்பேன்.

போன ஞாயிறு சற்று முன்னதாகவே போய்விட்டேன். என் கார் சத்தம் கேட்டதும் அவள் அவசரமாக எதையோ தலையணைக்கு அடியில் தள்ளுவதைச் சன்னல் வழியே பார்த்தேன். உள்ளே போய்த் தலையணையைத் தூக்கினேன். மாத்திரை அட்டை.

அக்காவின் முகம் சுருங்கிப் போயிற்று. பள்ளியில் மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம்.

"ஆஸ்பத்திரில கட்டாயம் சாப்பிடச் சொல்லிட்டாங்க தம்பி. உன்ன மாதிரி எனக்கு மனவுறுதி இல்ல."

அது என்ன மாத்திரை என்று நான் படித்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. அதே வெள்ளை. அதே நடுக்கோடு. அன்று காலை அதில் ஒன்றைக் காரில் விழுங்கிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அட்டையை அவள் கையில் வைத்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, வெட்கப்பட்டு விழுங்கினாள்.