சட்டி ஆலுக்குச் செய்த மேசை

என் புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாத இரண்டாம் வருஷம், அவருடைய சட்டி மரத்துக்கு நான் ஒரு மேசை செய்தேன். தச்சு வேலை எனக்குத் தெரியாது. ஆணியை நேராக அடிக்கவும் வராது. ஆனாலும் செய்யாமல் இருக்க முடியவில்லை. மேசைக்கென்று அவர் வாங்கிய பலகை கட்டிலுக்கடியில் கிடந்தது, கூட்டும்போதெல்லாம் விளக்குமாறு அதில் போய் முட்டும்.

மரம் ஒரு ஆல். கோயில் மதில் வெடிப்பில் விரல் நீளத்துக்கு முளைத்திருந்ததைப் பிடுங்கி வந்து தட்டையான மண்சட்டியில் வைத்தார். கற்பிட்டிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு மீன் கொடுக்கப் போனபோது அங்கே இப்படி ஒரு குட்டி மரத்தைக் கண்டாராம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். கிளைகளுக்குச் செம்புக் கம்பி சுற்றினார், வேரை நறுக்கினார், இலையைப் பார்த்துப் பார்த்துக் கிள்ளினார். வளர்க்கக் காணி இல்லாமல் சட்டிக்குள் வளர்க்கிறான் என்று மாம்புரிக் கரையில் கூட்டாளிகள் பகிடி பண்ணினார்கள். அவர் காதில் வாங்கவில்லை. "மரத்துக்குப் பாதி வடிவு மேசையிலதான். கண்ணுக்கு நேர வரவேணும். இரு, செய்து காட்டுறன்" என்பார். சிலாபத்திலிருந்து ஒரு பூவரசம் பலகையை பஸ்ஸில் கொண்டுவந்து, பென்சிலால் கோடும் போட்டு வைத்தார். அடுத்த கிழமை அறுப்பதாக இருந்தது. அதற்குள் கடல் அவரை வைத்துக்கொண்டது. படகு மட்டும் வெறுமையாகக் கிடைத்தது.

வீட்டில் மிஞ்சியது நானும் மாமியும். மாமி என்றால் அவருடைய தாய். உடல் கிடைக்காதவனுக்கு என்ன பூசை என்பது மாமியின் கட்சி. இறந்தவர்களுக்கு வைக்கும் வருஷப் பூசை பற்றிக் கதைக்க வந்த பங்குப் பாதருக்குப் பிளேன்ரீ கொடுத்து அனுப்பிவிட்டார். மகனின் சாரத்தைக் கிழமைக்கொருக்கால் தோய்த்துக் கொடியில் போடுவார். உடுக்காத சாரம் எப்படி ஊத்தையாகும்? காற்றில் அது வயிறு வைத்து ஆடும்போது, குசினி ஜன்னலால் பார்க்கும் எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு திக்கென்றது. பழகவே இல்லை. எனக்கு மாமி மேல் கோபம்தான் வந்தது. அழுது முடிக்கவும் விடாத வீடு. நான் பெண்சாதியும் இல்லை, விதவையும் இல்லை.

மாமியாவது பரவாயில்லை. மரம் அதைவிட மோசம். கம்பிகளை நான் கழற்றிப் பல மாதம் ஆகியும், புதுத் துளிர் எல்லாம் அவர் வளைத்துவிட்ட பக்கத்துக்கே போனது. தண்ணீர் ஊற்றக் குனிந்தால் முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று, அந்த இலையை விடு, இதை எடு என்று சொல்வது போலிருக்கும். திரும்பினால் ஒருவரும் இருக்கமாட்டார்கள் என்று தெரியும். அதனால்தான் திரும்புவதில்லை.

ஒக்டோபரில் மழை பிடித்தது. வெளியே இருந்த சட்டியில் தண்ணீர் தேங்கி வேர் அழுகப் பார்த்தது. உள்ளே நிலத்தில் வைத்தேன், கோழி வந்து கிண்டியது. சரி, மேசையைச் செய்துவிடுவோம் என்று என் தம்பியிடம் மரமறுக்கும் வாள் இரவல் வாங்கினேன். தான் அறுத்துத் தருவதாக அவன் சொன்னான். நான் விடவில்லை.

பென்சில் கோட்டின் மேலேயே வாளை வைத்து இழுத்தேன். கொஞ்சத் தூரம் போவதற்குள் கோடு தூளாகிக் காலடியில் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கையால் போட்ட கோடு. மிச்சத்தைக் கோட்டில் படாமல் ஒதுக்கி ஒதுக்கி அறுத்தேன். அதனால் ஒரு துண்டாவது அளவுக்கு வரவில்லை.

மாமி கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் வந்து செய்வான்தானே. ஏன் புள்ள பலகையக் கெடுக்கிற?"

"வந்தா வேற பலகை வாங்கட்டும்."



கால்கள் நாலும் நாலு விதம். மேசை ஆடியது. நீண்ட காலைக் குறைத்தால் மற்றது நீண்டுவிடும். குறைக்கக் குறைக்க மேசை குட்டையாகி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே வந்துதான் ஆட்டம் நின்றது. மரத்தைக் கண்ணுக்கு நேரே பார்க்க வேண்டுமென்றால் முழந்தாளிட வேண்டும். மேற்பலகையில் நான் ஆணி அடித்த இடம் வெடித்திருந்தது. அதை மறைக்க ஒரு வெள்ளைப் பின்னல் துணியை விரித்து, நடுவில் சட்டியை வைத்து, முன் அறைச் சுவரோரம் விட்டேன். வடிவாகத்தான் இருந்தது. கொஞ்சம் பெருமையும் பட்டேன்.

ஆத்துமாக்கள் திருநாள் வந்தது. ஊரே சேமக்காலைக்குப் போய்த் தங்கள் தங்கள் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்தும். எங்களுக்கு அங்கே கல்லறை இல்லை, நாங்கள் போகவில்லை. பின்னேரம் திரும்பி வரும் வழியில் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு மெழுகுதிரி மிஞ்சியிருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர் மேசையைக் கண்டார். குட்டை மேசை, வெள்ளைத் துணி, நடுவில் பச்சை. நாங்கள் ஒருவழியாகக் கடலுக்குப் போனவருக்கென்று ஒரு செப மேசை வைத்துவிட்டோம் என்றே நினைத்துவிட்டார். முழந்தாளிட்டு, மெழுகுதிரியைக் கொளுத்திச் சட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, என் புருஷனின் பெயரைச் சொல்லி, இறந்தவர்களுக்கான நித்திய இளைப்பாற்றிச் செபத்தைத் தொடங்கினார்.

நான் மறித்திருக்கலாம். அந்தச் செபத்தில் அந்தப் பெயரைக் கேட்கத்தான் இவ்வளவு காலமும் காத்திருந்தேன். நெஞ்சு லேசானது. அதே நேரம், நானே அவரைக் கொன்றுவிட்டது போலவும் இருந்தது.

செபச் சத்தம் கேட்டு மாமி குசினியிலிருந்து வந்தார். அவரைக் கண்டதும் அக்கா பாதியில் நிறுத்திவிட்டார். மாமி ஊதி அணைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மெழுகுதிரியை எடுத்து, இலையில் சூடு படாதபடி மேசை ஓரத்துக்குத் தள்ளி வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"எந்த நாளச் சொல்லிப் பூசை வைக்கிற?"



"அவர் போன நாள வைப்பம் மாமி."

அவர் போனது ஒரு புதன்கிழமை. அன்றைக்கே, ஒரே அலையில் எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நான் எனக்குச் சொல்லிவந்தேன். அப்படியென்றால் அவர் அதிகம் கஷ்டப்பட்டிருக்கமாட்டார்.

"அது ஏலாது," என்றார் மாமி. "அண்டைக்கு விடிய என்ட கையால கஞ்சி வாங்கிக் குடிச்சவன். அண்டைக்கு அவன் சாகேல்ல. படகு வந்த நாள வைப்பம்."

படகு வந்தது ஞாயிற்றுக்கிழமை.

"அதுவரைக்கும் தண்ணிக்குள்ள உயிரோட கிடந்தவர் எண்டா சொல்றீங்க?"

"ஓம். அதுவரைக்கும் என்ட புள்ள இருந்தவன்."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. பெற்றவளுக்கு அந்தச் சில நாட்களாவது வேண்டியிருந்தது. படகு வந்த திகதிக்கே பூசை சொன்னோம், இன்றைக்கும் அதே திகதிதான். மாமி பூசை முடிந்து வந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறார். எனக்கு ஒவ்வொரு வருஷமும், போன திகதி தொடங்கிப் பூசைத் திகதி வரைக்கும் அவர் நடுக்கடலில் உயிரோடு கிடக்கிறார்.