அம்மாவின் கன்னத்தில் கொட்டியது கஞ்சி இல்லை

போன வாரம் சின்னவள் நம் கடைச் சந்தனத்தில் எலுமிச்சம்பழம் பிழிந்து, முகப்பருவுக்குப் போட்டுக்கொள்ளக் குழைத்துக்கொண்டிருந்தாள். அம்மா வந்து பார்த்தாள். கிண்ணத்தைப் பிடுங்கிக் கொல்லைப்பக்கம் வீசி எறிந்தாள். சின்னவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உன் மூஞ்சி அப்படி ஆயிடுச்சின்னு என் மூஞ்சியும் இப்படியே இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டாள்.

அம்மா பதில் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான்தான். வாயால் வராததால் எழுதுகிறேன். நான் படித்தது அஞ்சாவது வரைக்கும். அதுவும் அந்தக் காலத்தில் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தெலுங்குதான் முதலில். தமிழ் நானாகக் கூட்டிக் கூட்டிப் படித்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் மட்டும் பிழை இருக்காது.

அம்மாவின் இடது கன்னத்திலிருந்து தாடை வரைக்கும் வெள்ளையாக, சுருங்கினாற்போல இருக்கிறதே, அது சின்ன வயதில் கஞ்சி கொட்டின வடு என்று உங்கள் மூன்று பேருக்கும் சொல்லி வைத்திருக்கிறோம். கஞ்சி கொட்டவில்லை. அது என் கையால் ஆனது.

வெள்ளைக்காரன் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். என் நைனா, உங்கள் தாத்தா, காலமாகிவிட்டார். மலையடிவாரத்தில் முடி இறக்கும் கொட்டகைக்கு எதிரில் இருந்த நம் சந்தனக்கடையை நானும் என் தாயாரும் பார்த்துக்கொண்டோம். மொட்டை அடித்து, குளத்தில் முழுகி, தலையில் நீர் சொட்டச் சொட்ட ஜனங்கள் நேரே நம்மிடம்தான் வருவார்கள். ஆண்கள் வாங்கித் தாங்களே அப்பிக்கொள்வார்கள். பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் ஒரு பெண்பிள்ளை கையால் பூசிவிட வேண்டும். என் தாயாருக்கு விரல் முட்டியெல்லாம் வீங்கி மடங்காமல் போய்விட்டது. அதனால் மருமகள் தேடும்போதே கையைப் பார்த்துத்தான் தேடினாள். மணவூரில் உங்கள் அம்மாவைப் பார்த்துவிட்டு வந்து, "விரல் நீளமா கீது, பதமா பூசுவா" என்றுதான் சொன்னாள். முகத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

வைகாசியில் கல்யாணம். கல்யாணமான நாலாம் நாள் அவள் கடையில் உட்கார்ந்துவிட்டாள். பிறந்த குழந்தையின் மொட்டைத் தலையில் கூட அழாமல் பூசுவாள். நான் பக்கத்தில் நின்று கூவுவேன்: "மொட்டைக்குக் குளிர்ச்சி, மொகத்துக்குத் தெளிச்சி. பரு போவும், தேமல் போவும், வாங்க சந்தனம்." என் நைனா கூவியதைத்தான் நானும் கூவினேன். போகுமா போகாதா என்று நான் யோசித்ததே கிடையாது.

ஆனி மாசக் கடைசியில் அவள் கழுத்தில் ஒரு வெளிறின புள்ளி வந்தது. பிறகு இடது கன்னத்தில் மூன்று, புளியங்கொட்டை அகலத்தில். அரிப்பு இல்லை, வலி இல்லை. தேமல். வேர்வைக் காலத்தில் பாதி ஊருக்கு வருகிறதுதான். வேறு கடைக்காரன் பெண்டாட்டிக்கு வந்திருந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதலில் பார்த்தவர் எதிர்க் கொட்டகையில் முடி இறக்குகிறவர். அவருக்கு வாய் சும்மா இருக்காது. கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்: "இன்னாப்பா, உங்க சந்தனம் மொட்டைக்கு மட்டுந்தான் கேக்குமா? வீட்டுக்காரம்மா மொகத்துக்குக் கேக்காதா?" வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்கள் அம்மா தலையைக் குனிந்துகொண்டு சந்தனத்தைக் கிளறினாள்.

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு நாள் கழித்துப் புத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் குழந்தையோடு வந்தாள். உங்கள் அம்மா கையை நீட்டியதும் முகத்தைப் பார்த்தாள், குழந்தையின் தலையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள். தானே பூசிக்கொள்வதாகத் தெலுங்கில் மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு உங்கள் அம்மா யாரைப் பார்த்தும் தானாகக் கை நீட்டவில்லை. அவர்கள் தலையைக் குனிகிறார்களா என்று பார்த்த பிறகுதான் நீட்டுவாள்.

அன்றைக்குச் சாயங்காலம் என் தாயார் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இது தேமலா, வெண்குஷ்டமா என்று யாருக்குத் தெரியும் என்றாள். கூவுகிற வாய்க்குப் பக்கத்திலேயே இந்த முகம் உட்கார்ந்திருந்தால் எவன் வாங்குவான் என்றாள். கடைசியில் மெதுவாகச் சொன்னாள், மெதுவாகச் சொன்னால்தான் அவள் முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தம்: "ஆடிக் கிருத்திகைக்குள்ள மொகம் தெளியணும். இல்லன்னா மணவூருக்கு அனுப்பிடு. நாமளா போயி அழைச்சிகினு வர்றது கெடையாது."

எனக்கு அவளை அனுப்ப மனசில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. மனசில்லாததால்தான் இவ்வளவும் நடந்தது.

ஆடி ஒன்றாம் தேதி அவளுடைய நைனா வந்தார். புதுப்பெண்ணை ஆடிக்குத் தாய்வீட்டுக்கு அழைப்பது வழக்கம்தானே. ஒரு கூடையில் மாம்பழமும், துணியில் முடிந்த வெல்லமும் கொண்டுவந்திருந்தார். அவர் கால் கழுவிக்கொண்டிருந்தபோது உங்கள் அம்மா அடுப்படியில் என்னிடம் கேட்டாள்.

"ஒரு மாசம் போயிட்டு வந்துடறேங்க. எங்கக்காளுக்கும் இப்படித்தான் வந்துச்சி. காத்தாட இருந்தா தானா போயிடும்."

போனால் திரும்பி அழைக்க என் தாயார் விடமாட்டாள் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது? "போகாத. நான் போக்கிடறேன்" என்று மட்டும் சொன்னேன். அவள் நைனாவிடம் கிருத்திகைக்குக் கூட்டம் தாங்காது, கைக்கு ஆள் இல்லை, முடிந்ததும் நானே கொண்டுவந்து விடுகிறேன் என்று பொய் சொன்னேன். அவர் மாம்பழக் கூடையை வைத்துவிட்டு, மகளை ஒரு தரம் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டார்.

அப்புறம் பிடித்தேன் வைத்தியத்தை. யார் எது சொன்னாலும் செய்தேன். நம் வீட்டுச் சந்தனத்தையே மூன்று நாள் பற்றுப் போட்டோம். ஒன்றும் ஆகவில்லை. பூவரசங்காயைக் கீறினால் மஞ்சளாகப் பால் வருமே, அதைத் தடவினோம். கன்னம் மஞ்சளாகி, கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டி வந்தது. குப்பைமேனியை உப்போடு கசக்கித் தேய்த்தோம். மலைமேலிருந்து சாமி சந்தனம் வாங்கிவந்து நீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் அவள் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தேமல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பது போல் இருந்தது.

கிருத்திகைக்குப் பத்து நாள் இருந்தது. நாட்டுமருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் கறுப்பாகச் சின்ன விதை ஒன்றை மடித்துக் கொடுத்தார். கார்போக அரிசி. ஊறவைத்து மோரில் அரைத்து மெல்லிசாகத் தடவு, காலை வெயிலில் ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம் காட்டு, உடனே கழுவு என்றார். மாசக்கணக்கில் ஆகும் என்றார். வெயில் ஏறினால் வைக்காதே என்று இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரம் சொன்னதை நான் இரண்டு தரமும் கேட்டேன். அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

எனக்கு மாசக்கணக்கு ஏது? பத்து நாளில் வேலையாக வேண்டும். நம் பித்தளைச் சட்டியில் சந்தனம் காய்ந்து கறையேறினால் எலுமிச்சம்பழத் தோலால்தானே தேய்க்கிறோம், பளபளவென்று வந்துவிடுகிறதே என்று நினைத்தேன். நம் ஊரில் எலுமிச்சம்பழத்துக்கா பஞ்சம்? மோருக்குப் பதில் எலுமிச்சம்பழச் சாற்றில் அரைத்தேன். மெல்லிசுக்குப் பதில் கெட்டியாகப் பூசினேன். சட்டியில் படிந்த கறை வேறு, மனுஷத் தோல் வேறு என்று எனக்குத் தெரியவில்லை. சட்டி தேய்க்கிறவன் புத்தி அவ்வளவுதான்.

நாலைந்து நாளில் கன்னம் சிவந்தது. ரத்தம் ஓடுகிறது, நிறம் திரும்புகிறது என்று என் தாயாருக்குச் சொன்னேன். அவளும் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "ஆங், கொஞ்சம் தெளிவாத்தான் கீது" என்றாள். அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதும்.

கிருத்திகை அன்றைக்கு விடிவதற்கு முன்னாலிருந்தே காவடிக் கூட்டம். கடைக்கு மேல் போட்டிருந்த கீற்றுப் பந்தலுக்குள் அவளை உட்காரவைத்தால் கண்ணுக்குத் தெரியாது என்று வெளியே மணையைப் போட்டு உட்காரவைத்தேன். கூட்டமும் பார்க்கும், கன்னத்துக்கு வெயிலும் படும், ஒரே வேலையில் இரண்டும் ஆகும் என்று கணக்குப் போட்டேன். முந்தின நாள் ராத்திரி அரைத்து வைத்திருந்ததை முழுவதும் பூசினேன். சந்தனம் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

வெயில் ஏறியது. மொட்டைத் தலைகள் வந்துகொண்டே இருந்தன. அவள் இரண்டு கையாலும் பூசிக்கொண்டே இருந்தாள். ஒரு குழந்தைக்கும் அடுத்த குழந்தைக்கும் நடுவில் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"எரியுதுங்க."

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றேன்.

கொஞ்ச நேரம் பொறுத்து, "கழுவிட்டு வரட்டா?" என்று கேட்டாள். இந்த வரிசை முடியட்டும் என்றேன். கிருத்திகையில் வரிசை எங்கே முடிகிறது? கூவிக்கொண்டே இருந்தேன். பரு போவும், தேமல் போவும். உச்சிக்கு அப்புறம்தான் அவள் எழுந்து போய்க் கழுவினாள். என்னைக் கேட்காமல் எழுந்து போனாள். அன்றைக்கு அவள் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான். கொஞ்சம் முன்னாலேயே என்னைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் காலையில் கன்னம் முழுக்கக் கொப்புளம். கண் மூடிப்போய், தாடை வரைக்கும் நீர் கோத்துத் தொங்கியது. என் தாயார் வாசற்படியிலேயே நின்று பார்த்தாள். உள்ளே வரவில்லை. "அவங்க வூட்ல கொண்டுபோய் வுடு" என்றாள்.

ரயிலில் அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வந்தாள். அரக்கோணத்தில் வண்டி மாறக் காத்திருந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் புண்ணைத் துடைத்துக்கொண்டே முன்னால் என்ன இருந்தது என்று கேட்டார். சொன்னேன். வெறும் தேமல்தானா என்று இன்னொரு தரம் கேட்டார். வேர்வைக்கு வந்தது, ஆடிக் காற்றுக்கு அதுபாட்டுக்குக் குறைந்திருக்கும், கொஞ்ச நாள் சும்மா விட்டிருந்தால் போதும் என்றார். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மணவூரில் அவளுடைய நைனா கதவைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "ஆடிக்கு நான் வந்தனே." தண்ணீர் கூட வேண்டுமா என்று கேட்கவில்லை.

புண் ஆறியபோது தோல் வெள்ளையாகவே நின்றுவிட்டது. கழுத்தில் நான் மருந்து போடாமல் விட்ட புள்ளி மட்டும் சுவடில்லாமல் போயிருந்தது. எதற்குப் பயந்தோமோ அந்த வெள்ளையை நானே அரைத்துப் பூசி வரவழைத்தேன். தை மாசம் நான் போய் அழைத்தேன். என் தாயார் ஒரு பேச்சுப் பேசினாள்: வரட்டும், வெளியே உட்காரக் கூடாது. நான் சரி என்றேன். அதையும் நான்தான் சரி என்றேன். உங்கள் அம்மாவிடம் சொன்னபோது, "உள்ளாற உக்காந்து அரைக்கறேன். ஆனா நீங்க கூவறது கேக்குமே" என்றாள்.

வந்த புதிதில் பத்து நாள் போலத் தேமலை விட்டுவிட்டுக் கூவினேன். பிறகு என் தாயார் முறைத்தாள், பழையபடி கூவ ஆரம்பித்தேன். கடைக்குப் பின்னால் தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் கல்லில் கட்டை இழைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். "தேமல் போவும்" என்று நான் சொல்லும்போது அந்தச் சத்தம் ஒரு நொடி நிற்கும். அப்புறம் ஓடும். பெரியவன் பிறக்கிற வரைக்கும் அப்படி இருந்தது. ஒரு நாள் நான் கூவினேன், சத்தம் நிற்கவில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

என் தாயார் காலமான பிறகு அவளை வெளியே வந்து உட்காரச் சொன்னேன். பழகிப்போச்சு என்றாள். நீங்கள் மூன்று பேரும் சாப்பிட்டது, படித்தது எல்லாம் அந்தத் தட்டிக்குப் பின்னால் அரைத்ததுதான்.

சின்னவளே, உன் பரு இந்த வயசில் எல்லாருக்கும் வருவதுதான். தண்ணீரில் கழுவிவிட்டு, கையை வைக்காமல் இரு. போய்விடும். உன் முகத்தை யார் பார்த்து என்ன சொன்னாலும், அவசரப்பட்டு அதில் எதையும் பூசாதே. இதை நான் கடையில் யாருக்கும் சொன்னதில்லை.

உங்கள் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நீங்கள் யாராவது இதைப் படித்துக் காட்டுங்கள். நான் அப்போது அங்கே இருக்க மாட்டேன், கடைக்குப் போய்விடுவேன். அவள் எரிகிறது என்று சொன்ன இடத்தை மட்டும் விட்டுவிடாமல் படியுங்கள். அவள் சொன்னதை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.