சொந்த நேரம்

என் சகலையைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான் கட்டினேன். ஒரே டெப்போவில் இருவரும் பஸ் ஓட்டுகிறோம், ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. ஆனால் அவருக்கு ஒரே மூச்சில் முடிகிற டூட்டி, விடியலில் போனால் மதியம் வீடு. எனக்கு இரண்டாக உடைத்த டூட்டி. காலைக் கூட்டத்துக்கு ஒரு பாதி, மாலைக் கூட்டத்துக்கு மறுபாதி. நடுவில் கிடக்கும் நேரத்துக்குச் சம்பளம் கிடையாது. சக்கரம் உருண்டால்தான் காசு.

அந்த நேரத்துக்கு ஆபீஸில் வைத்திருக்கும் பெயர் 'சொந்த நேரம்'. என்ன சொந்தம், மண்ணாங்கட்டி! ஊரின் மறுகோடியில் நிற்கிற பஸ்ஸை விட்டு நகர முடியாது. கண்ணாடி உடைந்தால் என் தலையில்தான் விடியும். கடைசி சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, சகலை இந்நேரம் வீட்டில் சூடாகச் சாப்பிடுவார் என்று கரித்துக் கொட்டுவேன்.

"மாமா குடுத்து வச்சவரு" என்பாள் என் பெண்டாட்டி, ரொம்பச் சாதாரணமாக. எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

சாப்பாடு கிடக்கட்டும். என் மகளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுப்பதும் அவர்தான். பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் மாதிரி "ரைட்... ரைட்!" என்று கத்துவார், அவள் மிதிப்பாள். லீவு நாளில் நான் பிடிக்கப் போனால், "நீ கோணலா பிடிக்கிறப்பா. பெரியப்பாவ வரச் சொல்லு" என்கிறாள். பெற்றவனிடம் பேசுகிற பேச்சா இது!

போன வாரம் சகலை என் வாசலில் வந்து நின்றார். "நாளைக்குக் கைய விட்டுடலாம்னு இருக்கேன், சகலை. பாப்பா ரெடி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மற்றதெல்லாம் அவரே எடுத்துக்கொள்ளட்டும், அந்தக் கையை விடுவது மட்டும் நானாக இருக்க வேண்டும். வாய் கூசினாலும் கேட்டுவிட்டேன். "நாளைக்கு ஒரு நாள் டூட்டி மாத்திக்கலாமா?"

"அதுக்கென்ன, மாத்திக்கிட்டா போச்சு" என்றார். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை, மனுஷன். மறுத்திருந்தாலாவது நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

மறுநாள் மதியம் கடைசி ட்ரிப்பை முடித்து டெப்போவுக்குள் திரும்பினால், டீசல் போட வாசல்வரைக்கும் வரிசை. ராத்திரி நான் திரும்பும்போது இந்தக் கூட்டமே இருக்காது. டீசல் போட்டு வண்டியை ஒப்படைக்காமல் வெளியே போகக் கூடாது.

"இந்த நேரம் எந்தக் கணக்குல வரும்?" என்று வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"இதுவும் சொந்த நேரந்தான். உங்க சகலை தினமும் இங்கதான நிக்கிறாரு. சொன்னதே இல்லையா?"

சொன்னதே இல்லை. வரிசையில் நின்று நின்று, வண்டியை ஒப்படைத்துவிட்டு விழுந்தடித்து ஓடினேன்.

தெருமுனை திரும்பியதும் கால் நின்றுவிட்டது. என் மகள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தாள். பின்னால் ஒருவரும் இல்லை.

"யாரும்மா கைய விட்டது?"

"யாரும் பிடிக்கவே இல்லப்பா. ரொம்ப நேரம் பாத்தேன், நீ வரல. நானே ரைட் சொல்லிக்கிட்டேன்." சொல்லிக்கொண்டே என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டாள்.

போன் அடித்தது. சகலைதான், என் பஸ்ஸின் கடைசி சீட்டிலிருந்து.

"என்ன சகலை, கைய விட்டாச்சா?"

"விட்டாச்சு."

"நீயா விட்ட?"

"பின்ன? நானேதான்." பொய் பொசுக்கென்று வாயில் வந்துவிட்டது.

"குடுத்து வச்சவன்யா நீ" என்றார். பாப்பா விழுந்தாளா என்றுகூடக் கேட்காமல் போனை வைத்துவிட்டார்.

எத்தனை வருஷமாக அவர் வயிறு எரிவதைப் பார்க்க வேண்டும் என்றிருந்தேன்! மகள் தெருக்கோடியில் திரும்பி மறுபடி என் பக்கமாக வந்தாள். இந்தத் தடவையாவது நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் "ரைட்!" என்று தானே கத்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.