மைக்கில் சொல்ல வேண்டாம்

எங்கள் சபை ஆண்டுவிழாவில் யாருக்காவது பொன்னாடை போர்த்தாவிட்டால் சாப்பிட்ட பிரியாணி செரிக்காது. இந்த முறை என் பெயர் அடிபட்டது. எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

காரணம், எங்கள் பழைய ஞாயிறு பள்ளி டீச்சர். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. ஆயர் ஈத்தாம் என்ற ஊரில் அண்ணன் மகளோடு ஃபிளாட்டில் இருக்கிறார். அந்தப் பெண்ணுக்குக் காலை ஷிஃப்ட் வரும் நாட்களில் நான் போய், டீச்சரைக் குளிப்பாட்டி, டயப்பர் மாற்றி, கஞ்சி கொடுத்துவிட்டு வருவேன். ஒரு காலத்தில் அவர் முன்னால் மிட்டாய் மெல்லக்கூட நடுங்குவோம். முதல் நாள் நான் உடை மாற்றியபோது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதார். "வெளிய யாருக்கும் தெரிய வேணாம்மா," என்று மட்டும் கேட்டார். சபைக்கு எப்போதாவது காரில் வரும்போது பவுடர் போட்டு, கைப்பையை மடியில் வைத்து, கால் வலி என்று சொல்லிச் சமாளிப்பார்.

அண்ணன் மகள் நல்ல மனதோடுதான் பாஸ்டரிடம் சொல்லிவிட்டாள். அவர் உடனே எனக்குப் போன் போட்டார்.

"அக்கா, அருமையான சாட்சி லா! டீச்சரைக் குளிப்பாட்டி, தலை துவட்டுறப்ப ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. ஸ்லைடுல போடுவோம். முகம் மட்டும் தெரிஞ்சா போதும்."

முகம் தெரிவதுதானே ஐயா பிரச்சினை! போனை வைத்ததும் பஸ் பிடித்து ஆலயத்துக்கே போய்விட்டேன். வழியெல்லாம் சண்டைக்கு வசனம் தயார் செய்துகொண்டே போனேன்.

பாஸ்டர் கெட்டவர் இல்லை. கூட்டம் முடிந்தால் நாற்காலி அடுக்குகிறவர். ஆனால் ஒரு நல்ல காரியம் கண்ணில் பட்டால் மைக்கைத் தேடுவார். "மத்தவங்களுக்கும் செய்யணும்னு தோணும்லக்கா," என்றார்.

"பட்டர்வொர்த்துல உங்க அம்மா இருக்காங்களே, அவங்களைக் குளிப்பாட்டுறதை ஸ்லைடுல போடுவீங்களா, பாஸ்டர்?"

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி, என் பெயர் இருந்த பக்கத்தை அழித்தார். "மன்னிச்சிருங்கக்கா. யோசிக்காம விட்டுட்டேன்." தயார் செய்த வசனங்கள் வீணாயின. அதைவிட நிம்மதியான வீண் கிடையாது. வெளியே வந்து ஒரு தே தாரிக் டீ வாங்கி நிதானமாகக் குடித்தேன்.

விழாவன்று பொன்னாடை பாடகர் குழுத் தலைவருக்குப் போனது. மனிதர் கண் கலங்கிவிட்டார். டீச்சர் முன்வரிசையில் பவுடர் முகத்தோடு நேராக உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு முறை பிரியாணி வாங்கிச் சாப்பிட்டேன்.

அடுத்த முறை முதுகு தேய்த்துக்கொண்டிருந்தபோது டீச்சர் சொன்னார்: "உன்னைத்தான் மேடைக்குக் கூப்பிடுவாங்க, என்னைப் பத்தியும் சொல்லுவாங்கன்னு அண்ணன் மக சொன்னா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா வந்தீங்க, டீச்சர்?"

"வராம? உனக்குக் கை தட்டணும்ல. ஒரு கைதான் இருக்கு, தொடையில தட்டிக்கலாம்னு வந்தேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கூப்பிடலை. அப்பாடான்னு இருந்துச்சு."

"எனக்கும்தான் டீச்சர்," என்றேன். அவர் தலையில் ஊற்ற எடுத்த தண்ணீரில் ஒரு கை அள்ளி என் முகத்தையும் கழுவிக்கொண்டேன்.