அப்பா அம்மாவை வரச் சொல்லும் கூட்டம்

விழுந்து அழுகிய அப்பிளின் புளித்த வாசம் எங்கேயாவது அடித்தால், எனக்கு டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் கிர்ஸ்டனின் வீட்டுத் தோட்டம்தான் நினைவுக்கு வரும். ஒக்டோபர்க் குளிர்... புல்லெல்லாம் அப்பிள்... நடுவில் அயர்ன் பண்ணிய வெள்ளைச் சேர்ட்டோடு நான்.

நண்பர்களே, தமிழர் வழக்கு என்று பிற்காலத்தில் பேப்பரெல்லாம் எழுதியதே, அந்தக் காலத்துக் கதை இது. குடும்பத்தைக் கூப்பிட மனுப் போட்டவர்களுக்குப் பதிலே வராத காலம். ஏன் வரவில்லை என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. நான் யாழ்ப்பாணத்தில் இருந்த அப்பா அம்மாவுக்குப் போட்டிருந்தேன். அறுபது வயது தாண்டிய பெற்றோரை அழைக்கலாம் என்று சட்டம் இருந்தது. அங்கேயோ சண்டை. கடிதம் வந்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

பெற்றோருக்கு டெனிஷில் 'ஃபோரெல்ட்ர'. எனக்கு ஒழுங்காகத் தெரிந்த நாலைந்து டெனிஷ் சொற்களில் அதுதான் முதலாவது. அரசாங்க அலுவலகங்களில் கவுண்டர் கவுண்டராகப் போய்ச் சொன்ன சொல் அல்லவா!

கிர்ஸ்டன் என்னோடு பிஸ்கட் பக்டரியில் பெட்டி அடுக்கியவர். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் ஒரு ஓக் இலை தொங்கும். தான் ஒரு 'ட்ரூயிட்' என்று சொல்லியிருந்தார். திராட்சைக்கு டெனிஷில் 'ட்ரூ' என்பார்கள். ஆகவே வைன் செய்கிற சங்கம் ஏதோ என்று நானும் தலையாட்டி வைத்தேன்.

ஒருநாள் கோப்பி நேரத்தில், எனக்கு விளங்கட்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"ஞாயிற்றுக்கிழமை என்ர வீட்டை வா. எல்லாரும் சேர்ந்து ஃபோர்ஃபேத்ரவை வரச் சொல்லிக் கூப்பிடப் போறம். படம் இருந்தாக் கொண்டுவா. பேரும் சொல்லவேணும்."

என் காதில் விழுந்தது ஃபோரெல்ட்ர. அப்பா அம்மா! அவர்களை வரச் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்!

அறையில் என்னோடு இருந்த ரவி அண்ணையிடம் ஓடினேன்.

"டேய், அது எங்களுக்கு உதவுற கொமிட்டியடா! நாங்கள் கேட்டாத்தான் கவுண்மேந்துக்குக் காது கேக்காது. அவையள் சேர்ந்து கேட்டாக் கேக்கும். நல்ல சேர்ட் ஒண்டு போட்டுக்கொண்டு போ."

போனேன்.

தோட்டத்தில் நீட்டு மேசை. வெள்ளைத் துணி, கறுப்புப் பாண், தேன். கொஞ்சப் பேர் நின்றார்கள். ஒரு பக்கத்துக் கதிரைகள் வெறுமையாக இருந்தன. அதிகாரிகள் இன்னும் வரவில்லை போலும் என்று நினைத்தேன். மேசை நிறையப் படங்கள், எல்லாம் வயது போனவர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு மெழுகுதிரி. இத்தனை டெனிஷ்காரரின் பெற்றோருமா வெளிநாட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள்? குழப்பமாகத்தான் இருந்தது. என்றாலும் நான் கொண்டுபோன அப்பா அம்மாவின் படத்தையும் வைத்தேன். கிர்ஸ்டன் அதற்கும் ஒரு திரி கொளுத்தினார்.

ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். மற்றவர்கள் "வாங்கோ" என்றார்கள். என் முறை வந்தது.

"கந்தையா, அறுபத்தாறு வயது. பரமேஸ்வரி, அறுபத்திரண்டு வயது" என்றேன். சட்டப்படி வயது முக்கியம் அல்லவா!

எல்லோரும் ஒரே குரலில், "கந்தையா, வாங்கோ! பரமேஸ்வரி, வாங்கோ!" என்றார்கள். பெயர்களைக் குதறித்தான் எடுத்தார்கள். ஆனாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நாட்டில் என் அப்பா அம்மாவை வரச் சொல்லி ஒருவர் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

மெதுவாகக் கிர்ஸ்டனிடம் கேட்டேன். "எப்ப வருவினம்?"

"வந்திட்டினம். தெரியேல்லையோ? இஞ்சதான் இருக்கினம்."

வெறும் கதிரைகளைக் காட்டினார். நான் கேற்றைத் திரும்பிப் பார்த்தேன்... ஒருவரும் இல்லை.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒரு படத்தைத் தடவி, தன் தாய் செத்துப்போன கதையைச் சொல்லத் தொடங்கினார். செத்துப்போவதற்கான டெனிஷ் சொல் எனக்கு நன்றாகத் தெரியும். அகதி விசாரணையில் அடிக்கடி சொன்ன சொல்.

அப்போதுதான் விளங்கியது, மேசையில் இருந்தவர்கள் எல்லாம் செத்துப்போனவர்கள் என்று. உயிரோடு இருக்கிறவர்களின் படத்துக்கு முன்னால் திரி எரிகிறது! ஊதி அணைக்கக் குனிந்தேன். ஐயோ, விளக்கை ஊதி அணைக்கவும் கூடாதே... வாய் நிறையக் காற்றோடு நின்றுவிட்டு, படத்தைப் பறித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன்.

"உயிரோட இருக்கினம்! அவையள் உயிரோட இருக்கினம்!"

கிர்ஸ்டனுக்கு முகம் சிவந்துவிட்டது. ஃபோர்ஃபேத்ர என்றால் முன்னோர், நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்தவர்கள் என்று விளக்கினார். ட்ரூயிட் என்பதும் வைன் சங்கம் இல்லையாம், மரங்களையும் முன்னோரையும் கும்பிடுகிற பழைய ஐரோப்பியச் சமயமாம். கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"உயிரோட இருக்கினமெண்டா, ஏன் இஞ்ச வரேல்லை?"

"உங்கட அரசாங்கம் ஒரு பதிலும் சொல்லேல்லை."

"ஏன்?"

"தெரியாது."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் குழம்பியது போதாதென்று அவர்களையும் குழப்பிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அனுமதி கடைசியில் வந்தது. இரண்டு பெயரும் இருந்தன. அம்மா மட்டும் வந்தா. அப்பா அதற்கு முந்திய மாரிமழைக் காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். அந்தத் திரிதான் காரணமோ என்று கனகாலம் என்னையே தின்றுகொண்டிருந்தேன். எங்கள் மனுக்களை அரசாங்கத்தில் வேண்டுமென்றே கிடப்பில் போட்டிருந்தார்கள் என்பது பிறகுதான், அந்தத் தமிழர் வழக்கில், வெளியே வந்தது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

இப்போது டென்மார்க்கிலேயே கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்குப் போய் அப்பாவின் பெயரை ஐயரிடம் சொல்கிறேன். போன முறை கூட வந்த மகள் டெனிஷில் கேட்டாள், அப்பப்பா உண்மையாகவே இங்கே வருவாரா என்று. எனக்கு அது இன்றைக்கும் விளங்காத விஷயம்.

"ஓம் பிள்ளை, வருவார்" என்று சொல்லிவிட்டேன். உயிரோடு இருந்தபோது அவரை உள்ளே விடாத நாடு இது. இப்போதாவது ஒருவரிடமும் கேட்காமல் வந்துவிட்டுப் போகட்டும்.