பாடி அப்பாவுக்கு, எஞ்சின் சித்தப்பாவுக்கு

மண்ணெண்ணெயில் ஊறிய இரும்பின் வாடையும் புளித்த திராட்சையின் வாடையும் கலந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டால் என்னால் விளக்கிச் சொல்ல முடியாது. ஆனால் என் கண்ணைக் கட்டிக் கொண்டுபோய் நிறுத்தினாலும் இது எங்கள் வீட்டு ஷெட்டு என்று சொல்லிவிடுவேன். சுருளிப்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரையும் மூன்று பக்கச் சுவருமாக நின்ற அந்த ஷெட்டில்தான் தோட்டத்திலிருந்து வரும் பன்னீர் திராட்சையைத் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்குவார்கள். 1999ஆம் வருடக் கடைசியில் கொடியில் சாம்பல் நோய் விழுந்து, காயெல்லாம் வெடித்து உதிர்ந்துபோக, அடுக்குவதற்கு ஒன்றுமில்லாமல் ஷெட்டு காலியாகக் கிடந்தது. கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாத என் அப்பா, ஷெட்டின் மூலையில் காலிப் பெட்டிகளுக்கு அடியில் புதைந்து கிடந்த 'பிளசரை' ஒருநாள் வெளியே இழுத்தார். எனக்கு அப்போது பதினொரு வயது.

'பிளசர்' என்பது சொந்தக் காருக்கு எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் வைத்திருந்த பெயர். அது ஒரு அமெரிக்க டாட்ஜ். குமுளிக்கு மேலே எஸ்டேட்டில் இருந்த ஒரு துரை ஊரைவிட்டுப் போகும்போது என் தாத்தா அதை வாங்கினாராம். பெரிய வயிறும், முன்னால் பளபளவென்று பல்வரிசை மாதிரிக் கம்பிகளுமாக, கல்யாண வீட்டு வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டு சிரிக்கும் பெரிய மனிதர் போல இருக்கும். தாத்தா போன பிறகு பாகம் பிரித்தார்கள். நிலத்தைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். கிணற்றுத் தண்ணீரை முறை வைத்துப் பிரித்தார்கள். கார் மட்டும் நடுவில் நின்றது. மூத்தவன் எனக்கு என்றார் அப்பா. ஓட்டத் தெரிந்தவன் எனக்கு என்றார் சித்தப்பா. மதியம் உட்கார்ந்த பெரியவர்கள் விளக்கு வைக்கும் நேரம்வரை பேசியும் இரண்டு பேரும் இறங்கி வரவில்லை. கடைசியில் அவர்களில் ஒருவர் எரிச்சல் தாங்காமல், "அப்ப அதையும் ரெண்டாப் பிரிச்சுக்கங்கப்பா" என்று துண்டை உதறிவிட்டு எழுந்திருக்கிறார். கோபத்தில் சொன்ன அந்தப் பேச்சை இந்த இரண்டு பேரும் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். பாடி அப்பாவுக்கு, எஞ்சின் சித்தப்பாவுக்கு.

மறுநாளே எஞ்சினைக் கழற்றி, மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய், தன் பங்குக் கிணற்று மேட்டில் வைத்து, மண்ணெண்ணெய் ஊற்றித் தண்ணீர் இறைத்தார் சித்தப்பா. பாடியைத் தள்ளிக்கொண்டு வந்து ஷெட்டின் மூலையில் போட்டார் அப்பா. அதற்குப் பிறகு அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. அப்போது நான் தொட்டிலில் கிடந்த பிள்ளை என்று அம்மா சொல்வார். மூன்று தெரு தள்ளி இருக்கும் சித்தப்பாவை நான் தூரத்திலிருந்து பார்த்தே வளர்ந்தேன். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறும் ஜீப் அவருடையது. என்னைக் கடக்கும்போது மட்டும் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போவார்.

ஐப்பசியில் அப்பா வேலையைத் தொடங்கினார். துருவைச் சுரண்டினார், ஓட்டை விழுந்த இடத்தில் தகடு வைத்துப் பற்றவைத்தார், பட்டி பூசினார், உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நாள்கணக்கில் தேய்த்தார். "எஞ்சின் இல்லாத வண்டிக்குப் பவுடர் பூசுறாக பாரு" என்று அம்மா கேலி செய்வார். அப்பா காதில் வாங்கமாட்டார். மார்கழியில் கரும்பச்சைப் பெயிண்ட் அடித்து முடித்ததும் ஒரு வாரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். செய்வதற்கு வேறெதுவும் மிச்சமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "பாப்பா, ஒஞ் சித்தப்பாட்ட போயி, வண்டி ரெடியாயிருச்சுன்னு மட்டும் சொல்லிட்டு வா" என்றார்.

சித்தப்பா கிணற்றடியில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். கிணற்றுக்கு எப்போதோ கரண்டு மோட்டார் வந்துவிட்டது. டாட்ஜ் எஞ்சின் மோட்டார் ரூமில் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, டயரில் ஒட்டிய மலைச் சேற்றை விரலால் வழித்தபடியே, "வேற என்ன சொன்னாக?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை என்றேன். "செரி" என்றார். மறுநாள் காலையில் டிராக்டர் ஒன்று எஞ்சினைச் சுமந்துகொண்டு எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்து நின்றது. பின்னாலேயே நடந்து வந்த சித்தப்பா ஷெட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "ஆத்தா, எங்கன எறக்கணும்னு ஒங்கப்பாட்ட கேளு" என்றார். நாலடி தூரத்தில் நின்ற அப்பா, "அங்கன மூலையில எறக்கச் சொல்லு பாப்பா" என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் உத்தியோகம் அதுதான்.

எங்கள் பக்கத்தில் பேச்சு அற்றுப்போன சொந்தக்காரர்கள் ஒரே இடத்தில் இருக்க நேர்ந்தால் நடுவில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு பேசுவார்கள். அது வீம்பு, ஆனால் மரியாதையும்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு ஷெட்டுக்கு ஓடுவேன். "அந்த போல்ட்ட ரொம்ப முறுக்கவேணாம்னு சொல்லு பாப்பா." "முறுக்கலன்னு சொல்லு ஆத்தா." முதல் வாரம் ஒரு வார்த்தை விடாமல் இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் ஒப்பித்தேன். நான் ஒப்பித்து முடிப்பதற்குள் அவர்கள் அந்த வேலையை முடித்து அடுத்ததற்குப் போயிருப்பார்கள். பிறகு எனக்கும் விவரம் பிடிபட்டது. நான் வாயைத் திறக்கவே வேண்டாம், நடுவில் நின்றால் போதும். எனக்கு ஒருநாள் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். அன்றைக்கு அப்பா மட்கார்டைப் பார்த்து, "லைட்டக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சா நல்லாருக்கும்" என்றாராம். சித்தப்பா ஸ்டியரிங்கைப் பார்த்து, "பிடிச்சுக்கிட்டுத்தான இருக்கு" என்றாராம். சமையல்கட்டு ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த மூன்று மாதம் போல ஒரு காலம் எனக்குப் பிறகு வாய்க்கவில்லை. சித்தப்பா மலையிலிருந்து வரும்போது எனக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கி வருவார். அவர் வரும் நேரத்துக்கு அப்பா முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொள்வார். கேட்டால், கிரீஸ் நாறுகிறது என்பார், மறுபடியும் கிரீஸில் கை வைக்கத்தானே போகிறார். அம்மா போடும் காபி ஒரு தம்ளரிலிருந்து இரண்டாகி, யாரும் எதுவும் சொல்லாமலே சித்தப்பாவுக்குச் சர்க்கரை தூக்கலாகிவிட்டது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு பயம் ஊறிக்கொண்டே இருந்தது. வண்டி முடிந்துவிட்டால்? வேலை இல்லாவிட்டால் சித்தப்பா எதற்கு எங்கள் வீட்டுக்கு வரப்போகிறார்?

பங்குனியில் எல்லாம் முடிந்தது. சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் பிளசரில்தான் போவது என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். மறுநாள் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டியதுதான் பாக்கி என்று இருந்த சாயங்காலம், துடைத்துத் தட்டில் வைத்திருந்த சின்னச் சாமான்களில் ஒன்றை எடுத்து என் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டுக்கொண்டேன். ரோட்டர் என்று பெயர். கட்டைவிரல் அளவு கறுப்புக் கட்டையும், அதன் தலையில் ஒரு பித்தளை நாக்கும். எஞ்சின் சுற்றும்போது இதுவும் சுற்றி ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும். இது இல்லாவிட்டால் வண்டி உறுமிப் பார்க்குமே தவிரப் பிடிக்காது. சித்தப்பாதான் சொல்லியிருந்தார். அதனால்தான் அதை எடுத்தேன்.

பன்னிரண்டு நாள் தேடினார்கள். ஷெட்டைக் கூட்டி, மண்ணைச் சலித்து, சாக்குகளை உதறிப் பார்த்தார்கள். சித்தப்பா ஜீப் டிரிப்பை விட்டுவிட்டு இரண்டு தடவை மதுரைக்குப் போய்ப் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினார். கொண்டுவந்தது ஒன்றும் பொருந்தவில்லை. நான் காம்பஸுக்கும் டிவைடருக்கும் நடுவில் ரோட்டரை வைத்துக்கொண்டு கணக்குப் பாடத்தில் உட்கார்ந்திருப்பேன். முதல் நாலு நாள் சந்தோஷமாகத்தான் இருந்தது. சித்தப்பா தினமும் வந்தார். அதற்கப்புறம் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட்டுச் சண்டை வந்துவிடுமோ என்று நடுங்கினேன்.

சண்டை வரவில்லை. பதிமூன்றாம் நாள் காலையில் அப்பா ஷெட்டில் தனியாக ஒரு காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "பாப்பா, அது எங்கையிலருந்துதான் தொலஞ்சிருக்கும். தப்பு எம்மேலதான்னு ஒஞ் சித்தப்பாட்ட போயிச் சொல்லு" என்றார். நான் திரும்பி நடந்ததும், "இதுக்கு மட்டுமில்ல, எல்லாத்துக்குந்தான்னு சொல்லு" என்றார். நான் தெரு முழுக்க அந்த வார்த்தைகளை முணுமுணுத்துக்கொண்டே போனேன். கிணற்றடியில் என்னைக் கண்டதும், நான் வாயெடுப்பதற்குள், "வா ஆத்தா. ஒங்கப்பாட்ட சொல்லு, அவுக மேல ஒரு குத்தமுமில்ல. சின்னவன் நான்தான் அன்னைக்கே விட்டுக்குடுத்துருக்கணும்" என்றார் சித்தப்பா. சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு பேர் சொன்னதையும் சுமந்துகொண்டு நான் நின்றேன். இந்தக் கையால் வாங்கி அந்தக் கையால் கொடுக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி. மூன்று மாதமாக வாய் ஓயாமல் நட்டையும் போல்ட்டையும் தூது சொன்ன எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை. சொன்னால், உன் தப்பில்லை என் தப்பில்லை என்று பேச்சு வளர்ந்து, அப்படியென்றால் யார் எடுத்தது என்று என் முகத்தைப் பார்ப்பார்கள் என்று பயம். ரோட்டரை வைத்துவிட்டால் வண்டி ஓடும், வண்டி ஓடினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "சரி சித்தப்பா" என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அப்பா, "சொன்னியா?" என்றார். அதற்கும் தலையாட்டினேன். அன்று மத்தியானம் ரோட்டரை ஒரு சாக்குக்கு அடியில் போட்டேன்.

சாயங்காலம் சித்தப்பா அந்தச் சாக்கைத் தூக்கி, "இந்தா கெடக்கு!" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள், ஒருவரையொருவர் பார்க்காமல். வண்டி மூன்றாவது தடவை பிடித்தது. அந்தச் சத்தத்தில் தகரக் கூரையெல்லாம் அதிர்ந்தது. திருவிழாவுக்குச் சித்தப்பா ஓட்ட, நடுவில் நான், ஓரத்தில் அப்பா. அம்மா பின்சீட்டில் ராணி மாதிரி இருந்தார். திரும்பி வந்ததும் சித்தப்பா சாவியை என் கையில் வைத்து, "ஒங்கப்பாட்ட குடுத்துரு" என்றார். அப்பா, "எஞ்சின் அவனுது, அவனையே வச்சுக்கிடச் சொல்லு" என்றார். இரண்டு பேரும் எதிரெதிர்த் திசையில் போய்விட்டார்கள். சாவி என் கையிலேயே இருந்தது.

மறுநாள் சித்தப்பா வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. நான் தலையாட்டியதை நம்பிக்கொண்டு, தான் சொல்லியும் அடுத்தவர் ஒரு பதில் சொல்லவில்லையே என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள் என்பது இப்போது எனக்குத் தெரிகிறது. அப்பா தோட்டத்துக்குப் போன நேரம் பார்த்துச் சித்தப்பா வந்து என்னிடம் சாவி வாங்கி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் போவார். அவர் போனபின் அப்பா வந்து பாடியைத் துடைப்பார். சொல்லிவிடலாம் என்று நான் வாய் திறக்கும்போதெல்லாம் ரோட்டரும் சேர்ந்து வெளியே வந்துவிடும் என்று மூடிக்கொள்வேன். நாள் ஆக ஆக அது சொல்ல முடியாத விஷயமாகவே ஆகிப்போனது. நான் மதுரைக்குப் படிக்கப் போனபின் துடைக்கவும் ஆளில்லை, ஓடவிடவும் ஆளில்லை. கோட்டயத்துக்காரர் ஒருவர் வண்டியைக் கேட்டபோது, கொடுத்துவிடலாம் என்று இரண்டு பேரும் தனித்தனியாக விடுதிக்குப் போன் போட்டு என்னிடம்தான் சொன்னார்கள்.

2010இல் அப்பா நெஞ்சு வலியில் போனார். விடிந்ததும் முதல் ஆளாக வந்தது சித்தப்பாதான். அப்பாவின் கால்மாட்டில் வெகுநேரம் நின்றார். பிறகு, அழுதுகொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஆத்தா, நான் வந்திருக்கேன்னு ஒங்கப்பாட்ட சொல்லு" என்றார்.

நான் அப்பாவின் காதருகில் குனிந்து சொன்னேன். சித்தப்பா வந்திருக்காருப்பா, தப்பு அவர்மேலதானாம், அவர்தான் விட்டுக்கொடுத்திருக்கணுமாம். பிறகு நிமிர்ந்து சித்தப்பாவிடம், எல்லாத் தப்பும் தன் மேலதான்னு அப்பா ஒங்ககிட்டச் சொல்லச் சொன்னார் என்றேன். "எப்பச் சொன்னாக?" என்றார். பத்து வருசமாச்சு சித்தப்பா என்றேன்.

காரியம் எல்லாம் முடிந்தபின் சித்தப்பாவிடம் ஜாமெட்ரி பாக்ஸ் கதையைச் சொன்னேன். "அந்தச் சாக்க நானே மூணு தடவ ஒதறியிருக்கேன் ஆத்தா, எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். "ஒங்கப்பாவுக்குந் தெரிஞ்சிருக்கும். பிள்ளைக்கு நாம சேந்து வேல பாக்குறது பிடிச்சிருக்குன்னுதான் சிரிச்சோம்." தெரிந்திருந்தும் ஏன் மறுநாள் வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

இப்போது அந்த ஷெட்டு இல்லை. இடத்தை ஒரு கடைக்காரர் பிளாஸ்டிக் பெட்டி அடுக்க எடுத்துக்கொண்டு, கான்கிரீட் போட்டுவிட்டார். மண்ணெண்ணெய் வாடையும் இல்லை, திராட்சை வாடையும் இல்லை. பிளசர் கோட்டயத்தில் ஓடுகிறதோ, யார் வீட்டு மூலையில் நிற்கிறதோ, தெரியாது. நான் தேனியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். ஜீப்பை விற்றுவிட்ட சித்தப்பா, மாதம் ஒருமுறை பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவார். காபியில் சர்க்கரை தூக்கலாகப் போட்டுக் கொடுப்பேன். மழை, மருந்து, தோட்டம் என்று என் முகம் பார்த்து நேராகத்தான் பேசுவார். கிளம்பும்போது மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டே, "இந்த வருசம் கொடி நல்லாக் காச்சிருக்குன்னு ஒங்கப்பாட்ட சொல்லு ஆத்தா" என்பார். சொல்கிறேன் சித்தப்பா என்பேன். அவர் பஸ் ஏறியதும், மறக்காமல் சொல்லிவிடுவேன்.